காண்டாமிருகத்துக்கு முன்னால் ஒரு தட்டம்

என் மைத்துனர் எங்களைக் கண்டால் கதவு திறக்க மாட்டார் என்பது மெல்பேர்னின் நோபல் பார்க்கில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். வாசல் மணியில் கமரா பூட்டி வைத்திருக்கிறார். நானும் மனைவியும் படியேறினால் உள்ளே இருந்தபடியே போனில் எங்கள் முகங்களைப் பார்ப்பார். பிறகு வீட்டில் ஆளே இல்லாத மாதிரி இருந்துவிடுவார். குசினியில் குக்கர் விசிலடிக்கும், மீன் பொரியும் வாசம் தெருவரைக்கும் வரும், ஆனால் ஆளில்லை. ஒருமுறை என் மனைவி அந்தக் கமராவைப் பார்த்து, “அண்ணை, நீங்கள் உள்ளுக்கு நிக்கிறியள் எண்டு தெரியும்” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தாள். கமராவில் சின்னதாக ஒரு நீல வெளிச்சம் எரிந்து அணைந்தது. அவ்வளவுதான் பதில்.

கோபத்துக்குக் காரணம் நாங்கள் இல்லை. எங்கள் மகளும் அவள் விரும்பிய பையனும் ஏதோ ஒரு கடற்கரையில் மோதிரம் மாற்றிக்கொண்டு, அந்தப் படத்தை உடனேயே இன்ஸ்டகிராமில் போட்டுவிட்டார்கள். பெற்ற தாய் தகப்பனுக்கே அதற்குப் பிறகுதான் போன் வந்தது. நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு கதிரையில் இருக்கும்போது, மைத்துனர் டண்டினொங் சந்தையில் மீன் வாங்க வரிசையில் நின்றிருக்கிறார். பின்னால் நின்ற யாரோ ஒருவர், “என்ன, மருமகளுக்கு மோதிரம் போட்டாச்சாம், நீங்கள் மூச்சும் விடேல்லை?” என்று கேட்டிருக்கிறார். மைத்துனர் மீனும் வாங்காமல் வீட்டுக்குத் திரும்பி, எனக்குப் போன் எடுத்தார்.

“நான் தாய்மாமன். எனக்கு மீன் கடையில வைச்சோ செய்தி வாறது? இனி உங்கட வாசல் மிதிக்கமாட்டன்.”

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். “மச்சான், எங்களுக்கும் இப்பதான் தெரியும்” என்றேன். அதைவிட மோசமான பொய்யை யாரும் சொல்ல முடியாது என்ற மாதிரி ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு வைத்துவிட்டார். அவருக்குக் கோபம் மூக்குக்கு மேலே. எனக்கும் கொஞ்சம் அப்படித்தான். மனைவி மட்டும் நடுவில் நின்று அழுதாள்.

வைகாசியில் கலியாணம் என்று நாள் வைத்தாயிற்று. அழைப்பிதழ் அச்சடித்து வந்துவிட்டது. ஆனால் ஒரு ஆளுக்கும் கொடுக்க முடியவில்லை. எங்கள் வழக்கத்தில் முதல் அழைப்பு தாய்மாமனுக்கு. அதுவும் தபாலில் இல்லை, வட்ஸ்அப்பில் இல்லை. புருஷனும் பெண்சாதியுமாகத் தட்டத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், சந்தனம், குங்குமம் வைத்து, நேரே போய், இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும். அவர் அதை வாங்கினால்தான் மற்றவர்களுக்குச் சொல்லலாம். தாலி கட்டும் நேரம் மணவறைக்குப் பக்கத்தில் தேங்காய் உடைப்பதும் அவர்தான்.

“வேற ஆரையும் கொண்டு உடைப்பிப்பம். தேங்காய்தானே” என்று ஒருநாள் தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

“எனக்கு உலகத்தில இருக்கிறது ஒரே ஒரு அண்ணன். எங்களை இஞ்ச கூப்பிட்டு விட்டது ஆர்? பிள்ளை பிறந்து ஆஸ்பத்திரியில கிடக்கேக்க ராத்திரி பகலா வந்து நிண்டது ஆர்? அவர் வராட்டி நானும் மணவறைக்கு வரமாட்டன். நீங்களும் உங்கட தேங்காயும்!”

அதற்குப் பிறகு தேங்காய் என்ற சொல்லையே நான் வீட்டில் எடுக்கவில்லை. கறிக்குக்கூடக் கேட்கவில்லை. சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் அவள் சும்மா இருந்து சுவரைப் பார்ப்பதைக் காண எனக்குப் பொறுக்கவில்லை. அவருடைய ரோசத்துக்கு இவள் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்?

அப்போதுதான் மச்சாள், அதாவது மைத்துனரின் மனைவி, என் மனைவிக்கு இரகசியமாகப் போன் எடுத்தா. உடுப்புத் தோய்க்கும் அறைக்குள் நின்று, மெஷினை ஓடவிட்டுவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் குசுகுசுத்தா. அவர்களுடைய பிள்ளைகள் தகப்பனின் அறுபதாவது பிறந்தநாளுக்கு ஒரு பரிசு கொடுத்திருக்கிறார்களாம். நகரத்துக்கு மேற்கே ஒரு திறந்தவெளி மிருகக்காட்சிச்சாலை. ஆபிரிக்க மிருகங்கள் புல்வெளியில் காலாற நடந்து திரியும். நடுவிலே மரத்தட்டுகளின் மேல் கூடாரங்கள். ஆபிரிக்காவில் தங்கிய மாதிரியே ஒரு இரவு தங்கலாமாம். நீண்ட வார இறுதியில் ஞாயிற்றுக்கிழமை போகிறார்கள்.

“அங்க வாசல் மணி இல்லை” என்றா மச்சாள். “கமராவும் இல்லை. பின்கதவாலும் ஓடேலாது. சுத்திவர மிருகம். விளங்குதோ?”

என் மனைவிக்கு விளங்கிவிட்டது. எனக்கு விளங்கியபோது பக்கத்துக் கூடாரம் எங்கள் பெயரில் பதிவாகியிருந்தது.

எனக்குக் கூடாரம் என்றாலே ஆகாது. ஊரைவிட்டு ஓடிவந்த காலத்தில் முகாமில் கூடாரத்தில் இருந்தவன் நான். மழை பெய்தால் உள்ளே ஆறு ஓடும். அதிலிருந்து தப்பி, கப்பலும் பிளேனும் ஏறி, டண்டினொங்கில் வெயர்ஹவுசில் நாரி முறியப் பெட்டி தூக்கி, ஒரு செங்கல் வீடு வாங்கியது எதற்கு? கண்டறியாத கூடாரத்துக்குத் திரும்பிப் போகவா? முகாமிலாவது காசு கேட்கவில்லை. பக்கத்தில் காண்டாமிருகமும் இல்லை. இவ்வளவையும் நான் மனைவிக்குச் சொன்னேன். அவள் சந்தனக் கட்டையைத் துடைத்துக்கொண்டு, “சொல்லி முடிஞ்சுதோ? முடிஞ்சால் அந்தச் செம்புத் தட்டத்தை எடுத்துத் தாங்கோ” என்றாள்.

அடுத்த சண்டை நேரத்தைப் பற்றியது. ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் நாலரைக்குத் தொடங்கும் என்று மளிகைக் கடைக் கலண்டர் சொல்கிறது. ஆனால் இங்கே கோடையில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிவிடுவார்களே, அப்போது ராகுகாலம் நாலரைக்கா, ஐந்தரைக்கா? மெல்பேர்னில் தமிழர்கள் வந்த நாளிலிருந்து இந்தக் கேள்வி தீரவில்லை. மைத்துனர் ஐந்தரைக் கட்சி. பாலர் பூங்காவில், பிறந்தநாள் விழாவில், செத்த வீட்டில்கூட நானும் அவரும் இதைப் பற்றிக் கத்தியிருக்கிறோம். நான் நாலரைக் கட்சி. நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து இந்த நாட்டு மணிக்கூட்டைப் பார்த்து வேலைக்குப் போகவில்லையா? ராகுவும் வந்தால் இந்த மணிக்கூட்டைத்தான் பார்க்க வேண்டும். இது என் வாதம்.

“இரண்டு பேற்ற கணக்கும் எனக்கு வேண்டாம்” என்றாள் மனைவி. “நாலரைக்கு முன்னம் குடுத்தால் ஒருத்தரும் குறை சொல்லேலாது.”

“அது குளிகை நேரமல்லோ?”

“குளிகையில செய்தால் இன்னும் நல்லம். செய்த காரியம் திரும்பத் திரும்ப நடக்கும்.”

இந்த அழைப்பு திரும்பத் திரும்ப நடந்தால் நான் உயிரோடு இருக்க மாட்டேன் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். கூடாரம் என்று சொன்னார்களே தவிர, உள்ளே எங்கள் வீட்டுக் கட்டிலைவிடப் பெரிய கட்டில். குளியலறை. சுடுதண்ணீர். முகாமில் இப்படி ஒன்று தந்திருந்தால் நாங்கள் ஒருத்தரும் வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டிருக்க மாட்டோம். முன்பக்கம் பலகைத் திண்டு, இரண்டு கதிரை, அதற்கு அப்பால் ஒரு பள்ளம், அதற்கு அப்பால் புல்வெளி. புல்வெளியில் ஒரு ஒட்டகச்சிவிங்கி வாயை ஆட்டிக்கொண்டு என்னையே பார்த்தது. நான் ஒரு அடி பின்னால் வைத்தேன். அதுவும் ஒரு அடி முன்னால் வைத்தது.

“இஞ்சேரும், உது பள்ளத்தைத் தாண்டுமோ?”

“அதுக்கு வேற வேலை இல்லையே உங்களைத் தேடி வர. சட்டையை மாத்துங்கோ.”

அவள் ஒட்டகச்சிவிங்கியை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. பட்டுச் சேலை உடுத்து, தட்டத்தைச் சரிக்கட்டி, நடுவில் அழைப்பிதழை வைத்து, கும்பிட்டுவிட்டுத் தூக்கினாள். தூக்கிய தட்டத்தைக் கொடுக்காமல் நிலத்தில் வைக்கக்கூடாது என்பது அவளுடைய சட்டம். பலகை நடைபாதையால் பக்கத்துக் கூடாரத்துக்கு நடந்தோம். அவள் சேலையில், நான் வேட்டியில். எதிரே வந்த வெள்ளைக்காரர் ஒருவர் நாங்கள் ஏதோ கலை நிகழ்ச்சிக்கு வந்தவர்கள் என்று நினைத்து, எத்தனை மணிக்கு ஆட்டம் என்று கேட்டார்.

மைத்துனர் அவருடைய கூடாரத்துக்கு முன்னால் நின்றார். அரைக்காற்சட்டை, மூக்கு முழுக்க வெயிலுக்குப் பூசும் வெள்ளைக் களிம்பு, தலையில் ஒட்டகச்சிவிங்கித் தோல் மாதிரிப் புள்ளி போட்ட தொப்பி, கழுத்தில் தூரக்கண்ணாடி. அந்தத் தூரக்கண்ணாடியைத் தூக்கி வரிக்குதிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அப்படியே மெல்லத் திரும்பினார். நாங்கள் கண்ணாடிக்குள் விழுந்தோம். கண்ணாடியை இறக்கினார். திரும்பவும் தூக்கிப் பார்த்தார். பிறகு கூடாரத்துக்குள் புகுந்து, மேலிருந்து கீழ்வரை சர்ரென்று சிப்பை இழுத்து மூடினார்.

மச்சாள் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தா. எங்களை இன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதன்முதலாகக் காண்பவ மாதிரி, “அட, நீங்களோ! எப்பிடி இஞ்சால?” என்றா. நாடகத்துக்குப் போயிருந்தா பரிசு வாங்கியிருப்பா.

கதவென்றால் தட்டலாம். துணியைத் தட்டினால் என்ன கேட்கும்? நான் இரண்டு முறை தட்டிப் பார்த்தேன். கூடாரம் ஆடியதுதான் மிச்சம். மனைவி சிப்புக்குக் கிட்டப் போய் நின்று, “அண்ணை, பிள்ளையின்ர கலியாணத்துக்குச் சொல்ல வந்திருக்கிறம்” என்றாள். உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. “அண்ணை, நாலரைக்கு ராகுகாலம்” என்றாள். குழாயை இன்னும் பலமாகத் திறந்தார்.

தட்டத்தை ஏந்திக்கொண்டே அவள் நின்றாள். கொஞ்சம் நான் பிடிக்கிறேன் என்றேன், தரவில்லை.

அந்த நேரம் பார்த்து, காக்கிச் சட்டை போட்ட வழிகாட்டிப் பெண் வந்து, மிருகங்களைப் பார்க்கும் சுற்றுக்கு லொறி வெளிக்கிடுகிறது, எல்லாரும் ஏறுங்கள் என்று கூப்பிட்டாள். பிள்ளைகள் காசு கட்டிய சுற்று. அதை வீணாக்க மைத்துனருக்கு மனம் வராது என்று மச்சாளுக்குத் தெரியும். “நான் தனியப் போறன்” என்று உரத்துச் சொன்னா. சர்ரென்று சிப் திறந்தது. மைத்துனர் எங்கள் இருவருக்கும் நடுவால், வானத்தைப் பார்த்தபடி நடந்துபோய், லொறியின் முன்வரிசையில் ஏறி இருந்துவிட்டார்.

“நாங்களும் ஏறுவம்” என்றாள் மனைவி.

“தட்டத்தோடயோ?”

“தட்டத்தை நிலத்தில வைக்கச் சொல்லுறியளோ?”

வழிகாட்டி எங்களை ஏறவிடவில்லை. வண்டிக்குள் சாப்பாடு கூடாது, மிருகங்களுக்கு மணக்கும் என்றாள். என் மனைவி முதுகை நிமிர்த்தி, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், “இது சாப்பாடு இல்லை. இது அழைப்பு” என்றாள். வழிகாட்டி வாழைப்பழத்தைப் பார்த்தாள், பிறகு என் மனைவியின் கண்ணைப் பார்த்தாள். மூடிக்கொண்டு வாருங்கள், யாரும் வாயில் வைக்கக்கூடாது என்று விட்டுவிட்டாள். சேலைத் தலைப்பால் தட்டத்தை மூடிக்கொண்டு கடைசி வரிசையில் இருந்தோம். எங்களுக்கு முன்னால் வயதான வெள்ளைக்காரத் தம்பதி, ஆட்டம் எத்தனை மணிக்கு என்று கேட்ட அதே மனிதரும் அவர் மனைவியும். அவர்களுக்கு முன்னால் இரண்டு இளம் பெண்கள். அதற்கு முன்னால் மச்சாளும் மைத்துனரும்.

லொறி புறப்பட்டது. வரிக்குதிரை, மான், தீக்கோழி என்று வழிகாட்டி ஒலிவாங்கியில் விளக்கிக்கொண்டே போனாள். என் மனைவி பார்த்தது ஒரே ஒரு மிருகத்தைத்தான். முன்வரிசையில் புள்ளித் தொப்பி போட்டுக்கொண்டு திரும்பாமல் இருந்த மிருகத்தை. நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். சுற்று முடிந்து திரும்பிவிட்டால் இறங்கும் இடத்தில் வைத்துப் பிடித்துவிடலாம், நேரம் போதும் என்று கணக்குப் போட்டேன்.

அப்போதுதான் காண்டாமிருகம் வந்தது. அவசரமில்லாமல் வந்து, பாதைக்கு நடுவில் நின்று யோசித்து, முன்னங்கால்களை மடித்துப் படுத்துவிட்டது. வண்டி நின்றது. இங்கே வழியுரிமை அவர்களுக்குத்தான், எழும்பும்வரை காத்திருப்போம் என்றாள் வழிகாட்டி சிரித்துக்கொண்டு. எல்லாரும் படம் எடுத்தார்கள். படம் எடுத்து முடிந்தது. காண்டாமிருகம் கண்ணையும் மூடிவிட்டது.

“கோதாரி விழுந்த மிருகம்! ஹோர்ன் அடிக்கச் சொல்லுங்கோ” என்றாள் மனைவி.

“காண்டாமிருகத்துக்கோ?”

“எழும்பி முன்னுக்குப் போய்க் குடுப்பம்.”

வண்டிக்குள் எழும்பி நிற்கக்கூடாது என்று ஏறும்போதே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அவள் அரைவாசி எழும்பியதும் வழிகாட்டியின் குரல் ஒலிவாங்கியில் வந்தது, பின்னால் இருக்கும் அம்மா தயவுசெய்து இருக்கவும் என்று. இருந்தாள். மணிக்கூட்டைப் பார்த்தாள். பிறகு, இருபத்தெட்டு வருஷம் என்னோடு வாழ்ந்தவள் செய்யவே மாட்டாள் என்று நான் நினைத்திருந்த காரியத்தைச் செய்தாள். தலைப்பை விலக்கி, தட்டத்தை முன்னாலிருந்த வெள்ளைக்காரரின் தோளுக்கு மேலால் நீட்டி, “ப்ளீஸ்... முன்னுக்குக் குடுங்கோ” என்றாள். அவசரத்தில் பாதி தமிழாகப் போய்விட்டது.

அந்த மனிதருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. காத்திருக்கும் நேரத்தில் ஒரு உபசரிப்பு! நன்றி சொல்லி ஒரு வாழைப்பழத்தை முறித்து எடுத்து, தட்டத்தைத் தன் மனைவியிடம் நீட்டினார். அவர் மனைவி ஒரு வெற்றிலையை எடுத்து மணந்து பார்த்து, அழகாக இருக்கிறது என்று மடியில் வைத்துக்கொண்டு, தட்டத்தை முன்னே கொடுத்தா. இளம் பெண்களில் ஒருத்தி சந்தனத்தை விரலால் தொட்டுக் கன்னத்தில் பூசி, மற்றவளைப் படம் எடுக்கச் சொன்னாள். மற்றவள் அழைப்பிதழைத் திறந்து விலைப்பட்டியல் தேடினாள்.

“ஐயோ, ஐயோ, ஐயோ” என்று என் மனைவி தலையில் கை வைத்தாள். வெள்ளைக்காரர் பழத்தின் தோலை உரிக்கத் தொடங்கினார். வழிகாட்டி, சாப்பிட வேண்டாம் ஐயா என்று கத்தினாள்.

மைத்துனர் திரும்பினார். அத்தனை மாதத்துக்குப் பிறகு முதன்முதலாக எங்கள் பக்கம் திரும்பினார். கன்னத்தில் சந்தனத்தோடு இருந்த பெண்ணையும், மடியில் கிடந்த வெற்றிலையையும், பாதி உரிந்த பழத்தையும் பார்த்தார். அவர் முகம் சிவந்தது, களிம்பு பூசிய மூக்கைத் தவிர.

“ஸ்டொப்!” என்றார். பஸ் சாரதி அவர். கடைசி இருக்கைவரை கேட்கும் குரல். “நோபடி ஈட். நோபடி டச். இது தின்னிறதுக்கில்லை. இது கலியாண அழைப்பு. முதல் அழைப்பு. ஐ ஆம் த மதர்ஸ் பிரதர்!”

காண்டாமிருகம் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது.

“தாயின் சகோதரன் என்றால்?” என்று வழிகாட்டி ஒலிவாங்கியிலேயே கேட்டுவிட்டாள். அதற்குப் பிறகு வரிக்குதிரையைப் பற்றிய விளக்கம் இல்லை. தாய்மாமனைப் பற்றிய விளக்கம்தான். அவர் இல்லாமல் தாலி ஏறாது, அவர் தேங்காய் உடைக்க வேண்டும், அவருக்குச் சொல்லாமல் ஊருக்குச் சொல்ல முடியாது என்று எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் அடுக்கினார். வெள்ளைக்காரர் பாதி உரிந்த பழத்தைக் கையில் பிடித்தபடி, செத்த வீட்டுக்குச் சிரித்துக்கொண்டு வந்துவிட்டவர் மாதிரி இருந்தார். எனக்கு நெஞ்சுக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. தான்தான் தாய்மாமன் என்று அவரே வாயால் ஒத்துக்கொண்டுவிட்டாரே, இனி வாங்கத்தானே வேண்டும்?

தட்டம் மச்சாளின் கைக்குப் போய், அவள் அதை அவருக்கு முன்னால் நீட்டினா. அவர் கையை நீட்டவில்லை. குலைந்து கிடந்த தட்டத்தையும் தன் முழங்காலையும் பார்த்தார். “இது இப்பிடி வாங்கிற சாமானில்லை. திருப்பிக் குடுங்கோ” என்றார்.

மச்சாள் தயங்கித் தயங்கிப் பின்னால் நீட்டினா. இளம் பெண்கள் இரண்டு கையாலும் வாங்கிப் பின்னால் கொடுத்தார்கள். வெள்ளைக்காரி வெற்றிலையைத் திரும்ப வைத்தா. வெள்ளைக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் உரித்த பழத்தையும் வைக்கப் பார்த்து, பிறகு சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். தட்டம் என் மனைவியின் மடிக்கு வந்து சேர்ந்தது. காண்டாமிருகம் எழும்பி, உடம்பை உதறிவிட்டுப் போனது. நாலரை தாண்டிவிட்டது.

கூடாரத்துக்குத் திரும்பி வந்து கதிரையில் இருந்தாள். தட்டம் மடியிலேயே இருந்தது. “திருப்பி அனுப்பிப்போட்டார்” என்றாள். அழவில்லை. “ஊர் பாக்க என்ர தட்டத்தைத் திருப்பி அனுப்பிப்போட்டார், என்னப்பா.” குலைந்து கிடந்த வெற்றிலைகளை ஒவ்வொன்றாகத் திரும்ப அடுக்கத் தொடங்கினாள். அவளை அப்படிப் பார்த்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒட்டகச்சிவிங்கிப் பயமும் பறந்துவிட்டது. ஒரு மனுஷன் இவ்வளவு கல் நெஞ்சுக்காரனாக இருப்பானா? இன்றைக்கு நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியிறங்கினேன்.

நடைபாதையில் அவர் வந்துகொண்டிருந்தார். அரைக்காற்சட்டை இல்லை, தொப்பி இல்லை, களிம்பு இல்லை. குளித்து, தலை வாரி, வெள்ளைச் சட்டை போட்டு, இரவு படுக்கக் கொண்டு வந்த சாரத்தைக் கையால் தேய்த்து மடிப்பெடுத்துக் கட்டியிருந்தார். நெற்றி நிறைய விபூதி, மச்சாளின் கைப்பையில் எப்போதும் இருக்கும் விபூதி. பின்னால் மச்சாள். அதற்குப் பின்னால் அந்த வெள்ளைக்காரர், சாப்பாட்டு மண்டபத்தில் கேட்டு வாங்கிய ஒரு சீப்பு வாழைப்பழத்தை இரண்டு கையாலும் ஏந்தியபடி.

என்னைப் பார்க்காமலே, “எங்க தங்கச்சி?” என்றார். கேட்க வைத்திருந்த நாலு கேள்வியையும் விட்டுவிட்டு, மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கி வழி விட்டேன்.

மனைவி பதறி எழும்பினாள்.

“உனக்கு அறிவு இல்லையே, பிள்ளை?” என்றார். “அரைக்காற்சட்டையோட, தலையில ஒட்டகச்சிவிங்கித் தொப்பியோட, லொறிக்குள்ள இருந்துகொண்டோ ஒரு தாய்மாமன் தட்டம் வாங்கிறது? என்ர மருமகளின்ர கலியாணம். விளையாட்டே?”

“ராகுகாலம் வந்திடும் எண்டு...” என்றாள் அவள்.

“ஆர் சொன்னது? ஐந்தரைக்குத்தான். மணிக்கூட்டை இவங்கள் முன்னுக்குத் தள்ளினது சூரியனுக்குத் தெரியுமே? இன்னும் நேரம் கிடக்கு.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். மச்சாள் என்னைப் பார்த்தா. மனைவி என்னைப் பார்த்த பார்வையை நான் விவரிக்க மாட்டேன். செத்த வீட்டில்கூட விட்டுக்கொடுக்காத வாதம். வாயைத் திறந்தேன், மூடினேன், பிறகும் திறந்தேன். “ஓம் மச்சான். நீங்கள் சொல்லுறதுதான் சரி” என்றேன். அவர் முகம் மலர்ந்த விதத்தைப் பார்த்தால் தட்டத்தைவிட அதைத்தான் வாங்க வந்தவர் போலிருந்தது.

பழத்தை மாற்றினோம். வெள்ளைக்காரர் விலகி நின்று தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். மைத்துனர் கிழக்குப் பக்கம் பார்த்து நின்றார். கிழக்கில் இரண்டு வரிக்குதிரைகள் மேய்ந்தன. நானும் மனைவியும் தட்டத்தைச் சேர்ந்து பிடித்து நீட்டினோம். அவர் இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டார். அழைப்பிதழைத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாக, தனக்கு இப்போதுதான் எல்லாம் தெரியவருகிறது என்ற மாதிரி வாசித்தார்.

என் மனைவிக்கு அப்போதுதான் ஒரு பயம் பிடித்தது. “அண்ணை, கலியாணத்தண்டைக்கு ஞாயிறு. உங்களுக்கு பஸ் ஓடுற நாளெல்லோ? இவ்வளவு கிட்டடியில கேட்டால் லீவு தருவாங்களோ?”

அவர் அழைப்பிதழிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “லீவு எடுத்திட்டன்.”

“எப்ப எடுத்தனீங்கள்?”

மச்சாள்தான் சொன்னா. “நாள் வைச்சாச்சு எண்டு கேள்விப்பட்ட அடுத்த நாளே போய் எழுதிக் குடுத்திட்டார். எனக்கும் சொல்லேல்லை. லீவு தந்த கடிதம் வீட்டை வந்தாப் பிறகுதான் கேட்டு அறிஞ்சனான்.”

மனைவி அவரையே பார்த்தாள். “நாங்கள் வந்து சொல்லாமல் விட்டிருந்தால்? கதவும் திறக்காமல், லீவும் எடுத்துப்போட்டு, என்னண்ணை செய்திருப்பீங்கள்?”

“கலியாண ஹோலுக்கு வந்திருப்பன்.”

“சொல்லாத கலியாணத்துக்கோ?”

“உள்ளுக்கு வந்திருக்கமாட்டன். கார் பார்க்கில இருந்திருப்பன்.” அவர் தட்டத்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, புல்வெளிப் பக்கம் முகத்தைத் திருப்பினார். “கெட்டிமேளம் வெளியிலயும் கேக்கும்தானே. காருக்குள்ள ஒரு தேங்காய் கொண்டு போயிருப்பன். மேளம் கேக்கிற நேரம், அதில நிலத்தில உடைச்சுப்போட்டு, ஒருத்தரும் காணமுதல் வீட்டை வந்திருப்பன்.”